அஞ்சாவது முடிஞ்சாச்சு... அடுத்து பெரிய ஸ்கூல்! - நீலகிரிப் பெற்றோர் ஜூனுக்கு முன் பார்க்க வேண்டியவை

ஜூன் மாதத்தில் பள்ளி திறந்த முதல் வாரம், மாலை நான்கரை மணிக்கு குன்னூர் பேருந்து நிலையத்தில் நின்று பார்த்தால், ஆறாம் வகுப்பில் புதிதாகச் சேர்ந்தவர்கள் யார் என்று சுலபமாகச் சொல்லிவிடலாம். சீருடை ஓர் அளவு பெரிதாக இருக்கும். 'அடுத்த வருஷமும் போடணும்ல' என்று அம்மா தைக்கச் சொல்லியிருப்பார். பேருந்தின் போர்டைப் படித்த பிறகும் நம்பிக்கை வராமல், பக்கத்தில் நிற்பவரிடம் "அண்ணா, இது கொலக்கம்பை போகுமா?" என்று கேட்கும் குரலில் லேசான நடுக்கம் இருக்கும்.

இரண்டு மாதம் முன்புவரை அந்தப் பிள்ளைக்குப் பேருந்தே தேவைப்பட்டதில்லை. லயன் வீட்டிலிருந்து நடக்கும் தூரத்தில் எஸ்டேட் பள்ளி அல்லது ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி. ஒன்றிரண்டு டீச்சர்கள். எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும். ஐந்தாம் வகுப்போடு அந்தப் பள்ளி முடிந்துவிடுகிறது. தேயிலைத் தோட்டங்களில் இது இன்று நேற்று வந்த நிலைமை அல்ல. 1951-ம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம், தொழிலாளர்களின் 6 முதல் 12 வயது வரையுள்ள பிள்ளைகள் 25 பேருக்கு மேல் இருந்தால் நிர்வாகமே கல்வி வசதி செய்துதர விதி வகுக்கலாம் என்றது. அதற்கு மேல் படிக்க ஊட்டியோ, குன்னூரோ, கோத்தகிரியோ, கூடலூரோதான் போக வேண்டும் என்பது மலையில் பழகிப்போன வழக்கம்.

சமவெளியில் ஆறாம் வகுப்பு என்பது பெரும்பாலும் ஒரு வகுப்பு மாற்றம்தான். மலையில் பள்ளி, பேருந்து, சாப்பாடு, டீச்சர், நண்பர்கள் எல்லாமே ஒரே நாளில் மாறுகின்றன. எது நிற்கிறது, எது தொடங்குகிறது என்பதைப் பெற்றோர் மே மாதத்திலேயே தெரிந்துகொண்டால், பிள்ளைக்கு ஜூன் சுலபமாகிவிடும்.

எந்தப் பள்ளி? ஏழு வருடக் கணக்கு

'பக்கத்து வீட்டுப் பிள்ளை எங்கே சேர்ந்ததோ அங்கேயே' என்று முடிவெடுக்கும் முன் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். தமிழக அரசின் சில முக்கியமான உதவிகளுக்கு, 'ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை எங்கே படித்தார்' என்பதே தகுதி.

மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவிகித உள் ஒதுக்கீடு 2020-ல் சட்டமானது. 2021-ல் பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், சட்டம் போன்ற தொழிற்படிப்புகளுக்கும் இதேபோன்ற ஒதுக்கீடு வந்தது. 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்திருப்பதே இதற்கான அடிப்படைத் தகுதி. நகராட்சிப் பள்ளிகளும், பழங்குடியினர் நலத்துறைப் பள்ளிகளும் அரசுப் பள்ளிகள் என்ற கணக்கில் வரும்.

உயர்கல்வி படிக்கும் மாணவிகளுக்கு மாதம் 1,000 ரூபாய் வழங்கும் 'புதுமைப் பெண்' திட்டம் 2022 செப்டம்பரில் தொடங்கியது. மாணவர்களுக்கான 'தமிழ்ப் புதல்வன்' 2024 ஆகஸ்ட்டில் வந்தது. இவையும் 6-ம் வகுப்பிலிருந்துதான் கணக்கு பார்க்கின்றன. அரசுப் பள்ளி மாணவர்களோடு, அரசு உதவி பெறும் பள்ளிகளில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் இவை கிடைக்கின்றன.

நீலகிரியில் பலர் குழம்புவது இந்த இடத்தில்தான். ஊட்டி, குன்னூரில் உள்ள பழைய மிஷன் பள்ளிகள் சில, அரசு உதவி பெறும் பள்ளிகள். 'அதுவும் கவர்ன்மென்ட் ஸ்கூல் மாதிரிதான்' என்று ஊரில் பேச்சு வழக்கு உண்டு. ஆனால், 7.5 சதவிகித ஒதுக்கீட்டில் உதவி பெறும் பள்ளி வேறு, அரசுப் பள்ளி வேறு. அதேபோல, உதவி பெறும் பள்ளியில் ஆங்கில வழியில் சேர்த்தால், மாதம் 1,000 ரூபாய் திட்டமும் பிள்ளைக்குப் பொருந்தாமல் போகலாம்.

இதற்காக உதவி பெறும் பள்ளியிலோ தனியார் பள்ளியிலோ சேர்க்கவே கூடாது என்று அர்த்தமில்லை. வீட்டுக்கு அருகில் இருப்பது, அக்கா ஏற்கெனவே அங்கே படிப்பது, விடுதி வசதி என்று ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு காரணம் இருக்கும். எதை விட்டுக்கொடுக்கிறோம் என்று தெரிந்து சேர்க்க வேண்டும், அவ்வளவுதான். பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பிறகு, 'ஆறாவதிலேயே யாராவது சொல்லியிருக்கலாமே' என்று வருந்திப் பயனில்லை. சேர்க்கையின்போது தலைமை ஆசிரியரிடம், "இது அரசுப் பள்ளியா, உதவி பெறும் பள்ளியா, தனியாரா? எந்த மீடியம்?" என்று நேரடியாகக் கேட்டுவிடுவது நல்லது.

பழங்குடியினர் குடும்பங்களுக்கு உண்டு உறைவிடப் பள்ளிகள் இன்னொரு வழி. ஊட்டி அருகே முத்தோரை பாலாடாவில் இருக்கும் ஏகலைவா மாதிரி உண்டு உறைவிடப் பள்ளி 6-ம் வகுப்பிலிருந்துதான் தொடங்குகிறது. சாதிச் சான்றிதழ் இன்னும் வாங்காதவர்கள் அதை முதலில் கவனிக்க வேண்டும்.

டி.சி வரலைன்னு திருப்பி அனுப்பினால்?

மாற்றுச் சான்றிதழ், ஆதார், பிறப்புச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், வங்கிக் கணக்குப் புத்தகம் ஆகியவற்றை ஒரே ஃபைலில் போட்டு, இரண்டு நகல் எடுத்து வைத்துக்கொண்டால் அலைச்சல் குறையும். மாணவருக்கான எமிஸ் எண்ணையும் பழைய பள்ளியில் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளலாம்.

எஸ்டேட் விட்டு எஸ்டேட் மாறும் குடும்பங்களுக்கும், வெளிமாநிலத்திலிருந்து வந்து தேயிலை பறிக்கும் குடும்பங்களுக்கும் காகிதங்கள் எப்போதும் சிக்கல்தான். 2010 ஏப்ரல் முதல் நடைமுறையில் இருக்கும் கல்வி உரிமைச் சட்டம், 14 வயது வரை இரண்டு பாதுகாப்புகளைத் தருகிறது. மாற்றுச் சான்றிதழ் தாமதமாகிறது என்பதற்காக ஓர் அரசுப் பள்ளியோ, உதவி பெறும் பள்ளியோ சேர்க்கையை மறுக்கக் கூடாது. வயதுச் சான்று இல்லை என்பதற்காகவும் பிள்ளையைத் திருப்பி அனுப்பக் கூடாது. சந்தேகம் இருந்தால் பள்ளிக் கல்வித்துறையின் 14417 உதவி எண்ணில் கேட்கலாம்.

பஸ், மழை, காட்டெருமை

சட்டப்படி 6 முதல் 8 வரை உள்ள பள்ளி 3 கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும். மலையில் 3 கிலோமீட்டர் என்பது தேயிலைச் செடிகளுக்கு நடுவே ஏறி இறங்கும் ஒற்றையடிப் பாதையாகவும் இருக்கலாம். பள்ளி தூரமாக இருக்கும் குக்கிராமங்களுக்கு, ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் கீழ் வாகன வசதி, வழித்துணை உதவி தரப்படுகிறது. தங்கள் ஊருக்கு அது உண்டா என்று தலைமை ஆசிரியரிடமோ, வட்டார வள மையத்திலோ விசாரிக்கலாம்.

அரசுப் பேருந்தில் பள்ளி மாணவர்களுக்குப் பயணம் இலவசம். புதிய பாஸ் கைக்கு வரும்வரை சீருடையில் பயணிக்கலாம் என்று பள்ளி திறக்கும் சமயத்தில் அறிவிப்பு வருவது வழக்கம். ஆனாலும் முதல் சில நாள் கையில் கொஞ்சம் சில்லறை இருக்கட்டும். ஒரு பேருந்தைத் தவறவிட்டால் அடுத்தது எத்தனை மணிக்கு, அதுவரை எங்கே நிற்க வேண்டும், யாருக்குப் போன் செய்ய வேண்டும் என்ற மூன்றையும் பிள்ளை மனப்பாடமாகச் சொல்ல வேண்டும்.

பள்ளி திறப்பதும் தென்மேற்குப் பருவமழை பிடிப்பதும் ஒரே மாதம். கூடலூர், பந்தலூர், தேவாலா பக்கம் மழையோடு அட்டையும் சேர்ந்துகொள்ளும். ஈரக் காலுறையோடு நாள் முழுக்க உட்கார்ந்தால் காய்ச்சல்தான். பையில் மாற்றுக் காலுறை ஒரு ஜோடி எப்போதும் இருக்க வேண்டும். மலைப்பகுதி அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஸ்வெட்டர், மழைக்கோட்டு, பூட்ஸ் தரும் அரசுத் திட்டங்கள் உண்டு. அவை கைக்கு வரும்வரை பழையதைத் தூக்கிப் போட வேண்டாம். கனமழைக்கு மாவட்ட ஆட்சியர் விடுமுறை அறிவித்தால் வீட்டில் யார் செய்தி பார்த்துச் சொல்வது என்பதையும் முடிவு செய்துகொள்ளலாம். ஊருக்குள் மழை இல்லையே என்று பிள்ளை கிளம்பிப் போய், பூட்டிய கேட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பும் கதை ஒவ்வொரு வருடமும் நடக்கிறது.

காலை, மாலை நேரங்களில் குன்னூர், கோத்தகிரி தேயிலைத் தோட்டங்களில் காட்டெருமையும் கரடியும் நடமாடும். கூடலூர், பந்தலூர் பக்கம் யானை. குறுக்கு வழி வேண்டாம், தனியாக வேண்டாம், காதில் இயர்போன் வேண்டாம் என்ற மூன்றையும் கண்டிப்பாகச் சொல்லலாம். ஒரே லயனிலிருந்து போகும் பிள்ளைகளை ஒன்பது, பத்தாம் வகுப்பு படிக்கும் அக்கா அண்ணன்களோடு சேர்த்து அனுப்புவது இன்னும் நல்லது.

நின்றுபோகும் காலைச் சாப்பாடு

முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பரில் தொடங்கியபோது 1 முதல் 5-ம் வகுப்புப் பிள்ளைகளுக்கானதாகவே வந்தது. ஆறாம் வகுப்பில் மதிய உணவு தொடரும். காலை உணவு வீட்டுப் பொறுப்பாகிவிடும்.

அம்மா அதிகாலையில் எழுந்து தேயிலை பறிக்கக் கிளம்பும் வீட்டில், "ஸ்கூல்ல சாப்பிட்டுக்கோ பாப்பா" என்று சொல்லிப் பழகிய வாய் உடனே மாறாது. பிள்ளையும் ஏழே முக்கால் பேருந்துக்காக டீயோடு ஓடிவிடும். மதியம் வரை வெறும் வயிற்றில் இருக்கும் பிள்ளைக்குப் பாடம் ஏறாது. முந்தைய இரவே மாவோ சப்பாத்தியோ தயாராக வைப்பது, அவித்த முட்டை, வாழைப்பழம், ராகிக் கஞ்சி என்று வீட்டுக்கு ஒத்துவருவதை மே மாதமே பழக்கிவிடலாம். அப்பா காலை ஷிஃப்ட் இல்லாத நாளில் அடுப்படி அவருடையது என்று பேசிவைத்துக்கொள்வதிலும் தவறில்லை.

ஒரு டீச்சர் போய், ஐந்து டீச்சர்

தொடக்கப் பள்ளியில் பெரும்பாலும் ஒரே ஆசிரியர் எல்லாப் பாடமும் எடுத்திருப்பார். ஆறாம் வகுப்பில் தமிழ், ஆங்கிலம், கணிதம், அறிவியல், சமூக அறிவியல் என்று பாடத்துக்கு ஒருவர் வருவார். ஒருவர் தரும் வீட்டுப்பாடம் இன்னொருவருக்குத் தெரியாது. இதில் தடுமாறாத பிள்ளை குறைவு. வீட்டுச் சுவரில் கால அட்டவணையை ஒட்டி, இரவு தூங்கும் முன் அடுத்த நாள் பையைப் பிள்ளையே அடுக்கப் பழக்க வேண்டும். முதல் இரண்டு வாரம் அம்மா பக்கத்தில் இருக்கலாம். அடுக்கிக் கொடுக்கக் கூடாது.

தமிழகத்தில் எட்டாம் வகுப்பு வரை எல்லோருக்கும் தேர்ச்சி. அதனால், 'பாஸ் ஆகிட்டான்' என்பதை வைத்து, பிள்ளைக்குப் பாடம் தெரியும் என்று நினைத்துவிட முடியாது. இதை வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். ஐந்தாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்தில் ஒரு பக்கத்தைத் திணறாமல் வாசிக்கிறதா? பச்சைத் தேயிலை எடைச் சீட்டைக் கையில் கொடுத்து, "நேத்து 38 கிலோ, இன்னைக்கு 43 கிலோ, கிலோ 20 ரூபான்னா எவ்வளவு வரும்?" என்று கேட்டால், 1,620 என்று வந்து சேர்கிறதா? திணறினால் திட்ட வேண்டாம். தினம் அரை மணி நேரம் இதே மாதிரிக் கணக்கும் வாசிப்பும் போதும். பள்ளி திறந்ததும் வகுப்பு ஆசிரியரிடம், "இவனுக்குக் கழித்தல் கொஞ்சம் சிரமம் சார்" என்று பெற்றோரே முதலில் சொல்லிவிடலாம். அடிப்படையில் பின்தங்கிய 6 முதல் 9-ம் வகுப்பு மாணவர்களுக்காக 'திறன்' என்ற சிறப்புப் பயிற்சியை அரசுப் பள்ளிகளில் 2025-ல் தொடங்கியிருக்கிறார்கள். அதில் பிள்ளை சேர்க்கப்பட்டால் அவமானமாக நினைக்கக் கூடாது.

வீட்டில் படுக மொழி, மலையாளம், இந்தி என்று வேறு பேச்சு இருக்கும் பிள்ளைகளுக்கும், தமிழ் வழியிலிருந்து ஆங்கில வழிக்கு மாறும் பிள்ளைகளுக்கும் முதல் பருவம் கூடுதல் சிரமம். அந்த மூன்று மாத மார்க்கை வைத்து எதையும் முடிவு செய்ய வேண்டாம்.

சொல்லத் தயங்கும் விஷயங்கள்

தொடக்கப் பள்ளியில் பெரிய பிள்ளையாக இருந்தவர், பன்னிரண்டாம் வகுப்பு வரை உள்ள பள்ளியில் எல்லோரையும்விடச் சின்னவர். குளிரில் தண்ணீர் குடிக்காமல், புதிய கழிவறைக்குப் போகக் கூச்சப்பட்டு, மாலை வரை அடக்கிக்கொண்டு வரும் பிள்ளைகள் உண்டு. கழிவறை எங்கே என்று முதல் நாளே பார்த்துவைக்கச் சொல்ல வேண்டும்.

பெண் பிள்ளைகளில் பலர் பூப்படைவது இந்த வகுப்புகளில்தான். அது பள்ளியிலோ பேருந்திலோ நடந்தால் என்ன செய்வது, எந்த டீச்சரிடம் சொல்வது என்பதை அம்மாவோ சித்தியோ முன்பே பேசியிருந்தால் பயம் பாதியாகும். பையின் உள்பக்கத்தில் ஒரு நாப்கின் இருக்கட்டும். பையன்களுக்கும் உடல் மாற்றங்கள் பற்றி அப்பா பேசலாம். யாராவது தொட்டாலோ, மிரட்டினாலோ வீட்டில் சொல்லலாம், 1098-க்கும் போன் செய்யலாம் என்று இருவருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

ஒரு நாள் ஒத்திகை

மே கடைசி வாரத்தில் ஒரு நாள் லீவு போட்டு, பள்ளிக்குப் போகும் அதே பேருந்தில், அதே நேரத்துக்குப் பிள்ளையோடு போய்வரலாம். போகும்போது அம்மாவோ அப்பாவோ வழி சொல்லட்டும். திரும்பும்போது பிள்ளை வழி காட்டட்டும். எந்த மேடையில் நிற்க வேண்டும், எந்த நிறுத்தத்தில் இறங்க வேண்டும் என்று பிள்ளை சொல்லும் வரை பெரியவர்கள் வாய் திறக்கக் கூடாது.

பேருந்து நேரம் பள்ளி நேரத்துக்குப் பொருந்தவில்லை என்று அன்றைக்குத் தெரிந்தால், பள்ளி திறந்ததும் பள்ளி மேலாண்மைக் குழுவில் சொல்ல வேண்டும். அந்தக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர்தான் இருக்க வேண்டும் என்கிறது சட்டம். ஒரு லயனிலிருந்து ஒரு அம்மா தனியாகக் கேட்பதைவிட, குழுவின் தீர்மானத்தோடு பத்துப் பெற்றோர் சேர்ந்து போக்குவரத்துக் கழகக் கிளை மேலாளரிடம் கொடுக்கும் மனுவுக்கு மரியாதை அதிகம்.

ஒத்திகை முடிந்து வீடு திரும்பியதும், "நாளைக்கே நீ தனியா போவியா?" என்று கேட்டுப் பார்க்கலாம். 'போவேன்' என்றால் பயம் போய்விட்டது என்று அர்த்தம். 'இன்னொரு தடவை நீயும் வாம்மா' என்றால், இன்னொரு தடவை போய்வர மே மாதத்தில் இன்னும் நாள் இருக்கிறது.