கண் இருந்தால் போதுமா?

செயற்கை நுண்ணறிவைப் பற்றி எங்கே பேச்செடுத்தாலும் ஒரு வாதம் தவறாமல் வந்து விழுகிறது. “அதற்கு மாம்பழம் என்ற சொல் தெரியும், மாம்பழம் தெரியாது. பார்த்ததில்லை, தொட்டதில்லை, தின்றதில்லை. அதன் வாயில் எந்தச் சொல்லும் எந்தப் பொருளையும் சுட்டாது. எல்லாம் கிளிப்பிள்ளைப் பேச்சு.” நன்றாகப் படித்தவர்களே இதைச் சொல்கிறார்கள், அரங்கில் தலையாட்டலும் கிடைக்கிறது. சீன மொழி தெரியாமலே விதிப்படி சீனத்தில் பதில் தருபவரைக் காட்டி 1980இல் தத்துவவாதி ஜான் சேர்ல் எழுப்பிய ‘சீன அறை’ வாதமும், குறியீடுகள் பொருளோடு எப்படி ஒட்டுகின்றன என்று 1990இல் ஸ்டீவன் ஹார்நாட் எழுதிய கட்டுரையும் இதற்கு வித்திட்டவை. அவர்கள் எழுதியது நுணுக்கமானது. ஊரில் உலவுவதோ அதன் முரட்டு வடிவம்: புலன்தான் சொல்லைப் பொருளோடு கட்டுகிறது, புலன் இல்லையேல் சொல் வெறும் ஓசை.

இது தவறு. மனிதருக்கே பொருந்தாத சட்டம் இது. வானியலில் அதற்குச் சான்று உண்டு.

1781இல் கண்டறியப்பட்ட யுரேனஸ், கணக்குப் போட்ட பாதையில் நகர மறுத்தது. அதற்கு அப்பால் இன்னொரு கோள் இருந்து அதை இழுக்கிறது என்று பாரிஸில் வானியலாளர் உர்பேன் லெவெரியே தாளில் கணக்கிட்டார். அந்தக் கோளை அவர் பார்த்ததே இல்லை. அவருடைய கடிதம் 1846 செப்டம்பர் 23 அன்று பெர்லின் வான்காணகத்துக்கு வந்து சேர்ந்தது. அன்றிரவே யோஹான் காலே தொலைநோக்கியைத் திருப்பினார். அவர் ஒவ்வொரு புள்ளியாகச் சொல்லச் சொல்ல, மாணவர் தாரெஸ்ட் விண்மீன் வரைபடத்தில் சரிபார்த்துக்கொண்டே வந்தார். ஒரு புள்ளி மட்டும் வரைபடத்தில் இல்லை. லெவெரியே சொன்ன இடத்திலிருந்து ஒரு பாகைக்குள் அது இருந்தது. அதுதான் நெப்டியூன்.

அதே கோளை கலிலியோ 1612 டிசம்பரிலேயே பார்த்துவிட்டார். வியாழனைக் கவனித்துக்கொண்டிருந்தபோது தொலைநோக்கியில் அதுவும் தெரிந்தது. விண்மீன் என்று குறித்துவைத்துக் கடந்துபோனார். கண்ணால் கண்டவருக்கு அது கோள் என்று தெரியவில்லை. காணாதவரின் பேச்சு அந்தக் கோளையே சரியாகச் சுட்டியது.

கதை இத்தோடு முடிந்திருந்தால், கணக்கே எல்லாம், கண் எதற்கு என்று இன்னொரு தரப்பார் கொண்டாடியிருக்கலாம். ஆனால் புதன் கோளின் பாதையிலும் சிறு பிசகு இருந்தது. அதே லெவெரியே, அதே முறையில், சூரியனுக்கு அருகே ஒரு கோள் இருப்பதாக 1859இல் அறிவித்தார். வல்கன் என்று பெயரும் சூட்டியாயிற்று. அதற்குச் சாட்சியும் கிடைத்தது! லெஸ்கார்போ என்ற கிராமத்து மருத்துவர், சூரிய வட்டத்தைக் கரும்புள்ளி ஒன்று கடப்பதைத் தன் தொலைநோக்கியில் பார்த்ததாகச் சொன்னார். லெவெரியே நேரில் போய் விசாரித்து நம்பினார். 1877இல் இறக்கும்வரை அந்த நம்பிக்கை அவரை விட்டுப் போகவில்லை. அப்படி ஒரு கோளே இல்லை. புதனின் பிசகை 1915இல் ஐன்ஸ்டைனின் பொதுச் சார்பியல் விளக்கியது.

ஒரே மனிதர், ஒரே முறை, காணாத இரண்டு கோள்கள். ஒரு பெயர் பொருளைத் தொட்டது, மற்றது காற்றில் நின்றது. இரண்டையும் பிரித்தது லெவெரியேயின் கண் அல்ல. வல்கனுக்கும் ‘கண்ட’ சாட்சி இருந்ததே! சொல்லைப் பலர் திரும்பத் திரும்ப உலகத்தோடு உரசிப் பார்த்ததும், உலகம் ‘இல்லை’ என்றபோது அதை ஏற்றுக்கொண்டதும்தான் பிரித்தன.

நம் அன்றாடப் பேச்சும் இப்படித்தான் நடக்கிறது. நகைக்கடையில் சங்கிலி வாங்கும் நம்மில் எத்தனை பேருக்குத் தங்கத்தையும் நல்ல முலாம் பூசியதையும் பிரித்தறியத் தெரியும்? தெரியாவிட்டாலும் ‘தங்கம்’ என்று நாம் சொல்வது தங்கத்தைத்தான் சுட்டுகிறது. உரைகல்லும் ஆசாரியும் 916 முத்திரை போடும் மையமும் நமக்காக அந்த வேலையைச் செய்கிறார்கள். தத்துவவாதி ஹிலரி புட்னம் 1975இல் இதைத்தான் மொழியின் உழைப்புப் பிரிவினை என்றார். சொல் பொருளைச் சுட்டுவது ஒருவர் மண்டைக்குள் முடிந்துவிடும் காரியம் அல்ல.

பிறவியிலேயே பார்வையற்றவர்களை நினைத்துப் பாருங்கள். அவர்கள் நிறங்களைப் பற்றிப் பேசுவதும் வாதிடுவதும் வெற்று ஓசையா? புலன் வாதத்தை இழுத்த இழுப்புக்கு விட்டால் அந்த அநியாயத்தில்தான் கொண்டுபோய் நிறுத்தும்.

இயந்திரத்தால் வெறும் சொல்வரிசையிலிருந்து உலகத்தின் வடிவத்தைக் கொஞ்சமும் எட்ட முடியாது என்பதும் நிற்காது. 2022இல் கென்னத் லி குழுவினர் ஒத்தெல்லோ என்ற பலகை ஆட்டத்தின் நகர்த்தல்களை மட்டும் ஒரு மொழி மாதிரிக்குப் பயிற்றுவித்தார்கள். பலகை என்று ஒன்று உண்டு என்றே அதற்குச் சொல்லவில்லை. உள்ளே துழாவியபோது, எந்தக் கட்டத்தில் எந்த நிறக் காய் என்ற நிலவரம் அதன் எண்களுக்குள் இருந்தது. அந்த எண்களை மாற்றியபோது அடுத்த நகர்த்தலும் அதற்கேற்ப மாறியது. வெறும் கிளிப்பிள்ளைக்குப் பலகை எதற்கு?

இதனால் இன்றைய அரட்டை இயந்திரங்கள் சொல்வதெல்லாம் பொருளைத் தொடுகிறது என்று நான் சொல்லவரவில்லை. 2023இல் நியூயார்க்கில் ஒரு விமான நிறுவனத்தின் மீதான வழக்கில், சாட்ஜிபிடி கொடுத்த முன்தீர்ப்புகளை வழக்கறிஞர்கள் நீதிமன்றத்தில் தாக்கல் செய்தார்கள். அவற்றில் பல, நடக்காத வழக்குகள். பெயர் உண்டு, எண் உண்டு, வழக்குதான் இல்லை. அசல் கொடுமை இதற்குப் பிறகு. அவற்றில் ஒன்றைக் குறித்து, இது உண்மை வழக்குதானா என்று வழக்கறிஞர் ஒருவர் அந்த இயந்திரத்திடமே கேட்டார், ஆம் என்றது. 5,000 டாலர் அபராதம் விழுந்தது. அங்கே குறைந்தது கண்ணா? கேமரா பொருத்தியிருந்தால் அந்த வழக்குகள் பிறந்திருக்குமா? சொல்லைச் சொல்லிடமே சரிபார்த்ததுதான் குற்றம். தீர்ப்புத் தொகுப்பைத் திறந்து, இல்லையென்றால் இல்லை என்று திரும்பிவரும் வழி அங்கே இல்லை.

ஆகவே கேமராவும் ரோபோ கையும் பொருத்திவிட்டால் சொல்லுக்குப் பொருள் தானாக வந்து ஒட்டிக்கொள்ளும் என்று காத்திருப்பது வீண். கண் மட்டும் கொடுத்தால் இன்னொரு லெஸ்கார்போதான் கிடைப்பார். இயந்திரம் தான் சொன்ன பெயருக்குரிய பொருளைத் தேடிப் போக வேண்டும். ஆவணத்தைத் திறக்க வேண்டும், அளவெடுக்க வேண்டும், தெரிந்தவரைக் கேட்க வேண்டும். பொருள் இல்லையென்றால் சொல்லைக் கைவிட வேண்டும். இதைச் செய்யும் இயந்திரத்துக்கு உடம்பு இல்லாவிட்டாலும் அதன் சொல் பொருளைச் சுட்டும். செய்யாததற்கு நூறு கண் இருந்தும் சுட்டாது.

இந்த இயந்திரங்களைச் செய்பவர்களிடமும் வாங்குபவர்களிடமும் என் வேண்டுகோள் ஒன்றுதான். ‘இதற்குப் புரிகிறதா’ என்ற பட்டிமன்றத்தை ஒதுக்கிவையுங்கள். ‘இது சொன்னது தப்பென்றால் இதற்கு எப்படித் தெரியவரும்’ என்று கேளுங்கள். அதற்குப் பதில் இல்லாத இயந்திரத்தை நீதிமன்றத்திலும் மருத்துவமனையிலும் பள்ளியிலும் நுழைய விடாதீர்கள்.