பட்ஜெட் அன்று பீடிக்கடையில்

2026 பிப்ரவரி 1 ஞாயிற்றுக்கிழமை. நிர்மலா சீதாராமன் தொடர்ச்சியாக ஒன்பதாவது பட்ஜெட்டை வாசித்த அன்றும் தொலைக்காட்சிகளில் வழக்கமான எதிர்பார்ப்புதான்: வருமான வரி வரம்பு இன்னும் உயருமா? முந்தைய ஆண்டுதான் 12 லட்சம் ரூபாய் வரை வரி இல்லை என்று ஆகியிருந்தது. கொடுத்துப் பழக்கினால் கேட்கத்தானே செய்வார்கள்! இந்த முறை வரம்பு அசையவில்லை.

தென்காசி மாவட்டத்தில் அந்த அறிவிப்புக்காகக் காத்திருந்தவர்கள் ஆசிரியர்கள், வங்கி ஊழியர்கள், பென்ஷன்காரர்கள் என்று சிறு கூட்டம். மற்றவர்களைத் தொடும் வரி ஜிஎஸ்டி கவுன்சிலில் முடிவாகிறது. அதற்கு பட்ஜெட் தேதி கிடையாது.

குற்றாலத்து லாட்ஜ்களையே பாருங்கள். நாளொன்றுக்கு ஆயிரம் ரூபாய் வரையிலான அறைகளுக்கு முன்பு ஜிஎஸ்டி இல்லை. 2022 ஜூலை 18 முதல் 12 சதவீதம் விழுந்தது. சாரல் சீசன் நடக்கும் மாதம் அது. 2025 செப்டம்பர் 22-இல் 5 சதவீதமாக இறங்கியபோது சாரல் ஓய்ந்திருந்தது. ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டாத சின்ன லாட்ஜ்கள் ஜிஎஸ்டி பதிவே செய்ய வேண்டியதில்லை. அங்கே வாடகையை ஏற்றி இறக்குவது ஐந்தருவியில் விழும் தண்ணீர்தான்.

பீடி கதை வேறு. 28 சதவீத வரியை 18 ஆக்கவும், பீடி இலைக்கான வரியை 18-லிருந்து 5 ஆக்கவும் 2025 செப்டம்பர் தொடக்கத்தில் கவுன்சில் முடிவெடுத்தது. உடனே காங்கிரஸ் கட்சியின் கேரளப் பிரிவின் எக்ஸ் பக்கம் பீடியையும் தேர்தலை எதிர்நோக்கியிருந்த பீகாரையும் முடிச்சுப் போட்டுக் கிண்டலடித்தது. எதிர்ப்பு கிளம்பியதும் பதிவை நீக்கி மன்னிப்புக் கேட்டது. அந்தச் சண்டையில் கடையம், ஆழ்வார்குறிச்சி வீட்டுத் திண்ணைகளில் சுளகும் கையுமாக உட்கார்ந்திருக்கும் பெண்களை யார் நினைத்தார்கள்?

இலைக்கான குறைப்பு செப்டம்பரிலேயே வந்துவிட்டது. பீடிக்கான குறைப்பு நடைமுறைக்கு வந்த நாள், தற்செயலாக, அதே பிப்ரவரி 1.

இலையும் தூளும் பீடிக்கடையில் வாங்கி வந்து சுற்றிக் கொடுத்தால் ஆயிரத்துக்கு இவ்வளவு என்று கூலி. வரி ஏறினால் கம்பெனி வேலையைக் குறைத்துவிடுமோ என்ற பயம் அந்தப் பெண்களுக்கு எப்போதும் உண்டு. இறங்கினால் கூலி தானாக ஏறிவிடுவதில்லை. 2017-இல் ஜிஎஸ்டி வந்தபோது, பீடித் தொழிலாளர் நலநிதிக்காக ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று வசூலித்துவந்த தனி வரியும் ரத்தானது. பிள்ளைகளின் படிப்பு உதவித்தொகைக்கும் மருத்துவமனைகளுக்கும் பணம் வந்த வழி அது. குறைந்துள்ள 10 சதவீதப் புள்ளிகளில் கூலிக்கு ஏதாவது தேறுமா என்பது, சங்கங்களும் கம்பெனிகளும் உட்கார்ந்து பேசும் அடுத்த கூலி ஒப்பந்தத்தில்தான் தெரியும்.