பழைய பாட்டு எப்போது பரிசுத்தமானது?

"இப்போ பாடுறதெல்லாம் சினிமாப் பாட்டு. கீபோர்டும் டிரம்ஸும் சபைக்குள்ளே வந்த அன்னைக்கே பக்தி வெளியே போயிடுச்சு." கொல்லிமலையில் பெரக்கரை நாடு தொடங்கி அடிவாரத்துச் சேந்தமங்கலம், நாமக்கல் வரை, கிறிஸ்தவ வீடுகளில் இந்தப் பேச்சு கேட்காத டிசம்பர் இல்லை. சொல்பவர்கள் பெரியவர்கள் என்பதால் இளையவர்கள் தலையாட்டிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். மரியாதைக்காகத் தலையாட்டிய வாதம் நாளடைவில் சட்டமாகிவிடும். ஆகவே எழுதித்தான் மறுக்க வேண்டியிருக்கிறது.

முதல் குற்றச்சாட்டு, மெட்டு உலகத்திலிருந்து வந்தது என்பது. இதைக் கிறிஸ்தவக் கீர்த்தனைகள் எழுதிய வேதநாயகம் சாஸ்திரியாரிடமிருந்தே தொடங்கலாம். கீர்த்தனையின் பெருமை பேசுகிறவர்கள் கூப்பிடும் முதல் சாட்சி அவர்தான். 1774இல் திருநெல்வேலியில் பிறந்து, சிறுவனாகவே மிஷனரி சுவார்ட்ஸ் ஐயரோடு தஞ்சாவூருக்குப் போனவர். பின்னாளில் மன்னரான சரபோஜியும் சுவார்ட்ஸிடம் பாடம் கேட்டவரே. அந்தத் தஞ்சாவூரில் குறவஞ்சி என்றால் என்ன? கோயிலில் தேவதாசிகள் ஆடிய நாடகம். பவனி வரும் தலைவனைக் கண்டு ஒரு பெண் மயங்குவாள், பந்தடிப்பாள், தோழியிடம் புலம்புவாள்; குறத்தி வந்து கைபார்த்துக் குறி சொல்வாள். சரபோஜியின் பேரிலேயே ஒரு குறவஞ்சி பெரிய கோயிலில் ஆடப்பட்டது. அந்தச் சட்டகத்தை அப்படியே எடுத்துத்தான் சாஸ்திரியார் பெத்லகேம் குறவஞ்சி எழுதினார். மயங்குகிற தலைவி தேவமோகினி, சீயோனின் மகள்.

நொண்டி நாடகம் இதைவிட ஒரு படி மேல். தாசி வீட்டில் சொத்தையெல்லாம் தொலைத்து, திருடப் போய், பிடிபட்டுக் கால் வெட்டப்பட்டவன் தன் கதையைத் தானே சொல்லும் கூத்து அது. சாஸ்திரியார் அதையும் விடவில்லை. ஞானநொண்டி நாடகம் ஆக்கினார். தச்சர் பாட்டு ஞானத்தச்ச நாடகம் ஆயிற்று, கும்மி ஞானக்கும்மி ஆயிற்று. இன்றைக்கு ஒருவர் சினிமா மெட்டில் பாட்டுக் கட்டினால் முகம் சுளிக்கிற பெரியவர், அன்றைக்குத் தஞ்சாவூரில் இருந்திருந்தால் சாஸ்திரியாரைப் பார்த்து என்ன சொல்லியிருப்பார்?

ஊகிக்கத் தேவையில்லை, அப்போதே சொன்னார்கள். 1820களில் புதிதாக வந்த மிஷனரிகளுக்குத் தமிழ்ப் பாட்டும் மேளமும் பிடிக்கவில்லை. சாஸ்திரியார் அவர்கள் செய்த கொடுமைகள் என்று நான்கை எழுதிவைத்தார். பழைய வேதாகம மொழிபெயர்ப்பை மாற்றியது ஒன்று. சாதிகளை ஒன்றாகக் கலக்கச் சொன்னது ஒன்று. பூ பயன்படுத்துவதைத் தடுத்தது ஒன்று. தமிழ்ப் பாட்டைத் தடுத்தது ஒன்று. நான்கில் இரண்டாவதை எண்ணிப் பார்க்கையில் நமக்குக் கூசத்தான் செய்கிறது. ஆனால் நான்காவதில் அவர் பக்கமே நியாயம். பிறகு 1853இல் அமெரிக்க மதுரை மிஷனின் எட்வர்டு வெப் இதே கீர்த்தனைகளைத் தொகுத்து அச்சிட்டார். அடுத்த நூற்றாண்டில் ஈரோட்டில் லண்டன் மிஷனில் இருந்த பாப்ளி ஐயர் தாமே கர்நாடக இசை கற்றார். 1921இல் இந்திய இசை பற்றி ஒரு புத்தகமும் எழுதினார். தடுத்தவர்கள் வழிவந்தவர்களே தாளம் போட்டார்கள்.

"கீர்த்தனை போகட்டும், மேல்நாட்டு மெட்டுப் பாமாலையாவது சுத்தம்தானே" என்பார்கள். பெரிய வெள்ளியன்று முள்முடி சூடிய தலையைப் பார்த்து நாம் கண்ணீரோடு பாடுகிற அந்த ஜெர்மன் மெட்டு, ஹான்ஸ் லியோ ஹாஸ்லர் 1601இல் வெளியிட்ட காதல் பாட்டின் மெட்டு. ஒரு பெண்ணால் மனம் கலங்கிப்போனவனின் பாட்டு. அதைக் கேட்டு அழாத பெரியவரை நான் பார்த்ததில்லை.

அமெரிக்கக் கறுப்பின மக்களின் நற்செய்திப் பாட்டுக்கும் இதே கதைதான். அதன் தந்தை என்று கொண்டாடப்படும் தாமஸ் டோர்சி, ஜார்ஜியா மாநிலத்தில் 1899இல் பிறந்த போதகர் மகன். ஜார்ஜியா டாம் என்ற பெயரில் மதுக்கடைகளில் புளூஸ் பியானோ வாசித்தவர். 1928இல் டாம்பா ரெட் என்பவரோடு அவர் பதிவுசெய்த இரட்டை அர்த்தப் பாட்டு அமோகமாக விற்றது. 1932 ஆகஸ்டில், அவர் வெளியூர் போயிருந்தபோது மனைவி நெட்டி பிரசவத்தில் இறந்தார், குழந்தையும் தங்கவில்லை. அந்தத் துக்கத்தில் அவர் எழுதியதுதான், 'அருமை ஆண்டவரே, என் கையைப் பிடியும்' என்று கேட்கிற புகழ்பெற்ற பாட்டு. அதன் மெட்டுக்கு ஒரு பழைய சபைப் பாட்டு ஆதாரமாக இருந்தது; பாடும் பாணியோ முழுக்கப் புளூஸ். அவர் குடியேறிய சிகாகோவின் பெரிய சபைகள் பல அவரைப் படியேற விடவில்லை. 1968இல் மார்ட்டின் லூதர் கிங் அடக்கத்தில் அதே பாட்டை நற்செய்திப் பாடகி மகேலியா ஜாக்சன் பாடினார். 1972இல் மகேலியாவின் அடக்கத்தில் அரீதா ஃபிராங்க்ளின் பாடினார். அதை உலகப் பாட்டு என்று இன்று யாராவது சொல்வார்களா?

இரண்டாவது குற்றச்சாட்டு பணம். பாட்டை விற்கிறார்கள், யூடியூபில் பார்வை எண்ணுகிறார்கள். ஆம், விற்கிறார்கள். டோர்சி தம் பாட்டுகளைத் தாளில் அச்சிட்டுச் சபை சபையாகக் கொண்டுபோய் விற்றார். மகேலியாவின் முதல் இசைத்தட்டு 1937இல் வந்தது, யாரும் கண்டுகொள்ளவில்லை. 1947இல் பதிவான இன்னொரு பாட்டு ஒரு பக்கத்தில் அடங்காமல் தட்டின் இரண்டு பக்கமும் ஓடியது. அது லட்சக்கணக்கில் விற்று அவரை நாடறியச் செய்தது. இன்னொரு நற்செய்திப் பாடகி சிஸ்டர் ரொசெட்டா தார்ப் இன்னும் துணிச்சல்காரர். தோளில் எலெக்ட்ரிக் கிட்டாரோடு இரவு விடுதியிலும் பாடினார், சபையிலும் பாடினார். 1951இல் வாஷிங்டன் நகரத்து விளையாட்டு மைதானத்தில் தம் கல்யாணத்தையே டிக்கெட் போட்டு நடத்தினார். ஆயிரக்கணக்கானோர் காசு கொடுத்து வந்தார்கள். இசைத்தட்டு நிறுவனம் அதையும் பதிவுசெய்தது. எனக்கே இது கொஞ்சம் அதிகம்தான். ஆனாலும் 1973இல் அவர் இறந்தபோது கல்லறைக்கு ஒரு கல்கூட இல்லை. பல பத்தாண்டுகள் கழித்துத்தான் நட்டார்கள். பாட்டை விற்றவர்கள் எல்லாரும் பணத்தில் புரண்டார்கள் என்று நினைப்பவர்கள் இதைக் கணக்கில் சேர்க்க வேண்டும். நம் பக்கத்திலும் சாஸ்திரியார் மன்னரின் ஆதரவில் வாழ்ந்தவர். சாராள் நவரோஜி அம்மா தாமே எழுதி, மெட்டமைத்து, பாடிய பாட்டுகள் இசைத்தட்டிலும் கேசட்டிலும் விலைக்கு வந்ததால்தான் ஊரூராகப் போய்ச் சேர்ந்தன.

மூன்றாவது, பாடகரின் வாழ்க்கை. அந்தக் காலத்துப் பாடகர் சாட்சியுள்ளவர், இந்தக் காலத்தவர் நடிகர் என்கிறார்கள். சாதியை விடாத சாஸ்திரியாரையும் மதுக்கடையிலிருந்து வந்த டோர்சியையும் மேலே பார்த்தோம். புளூஸ் பாட மாட்டேன் என்று கடைசிவரை மறுத்த மகேலியாகூட, சிறுவயதில் பெஸ்ஸி ஸ்மித்தின் புளூஸ் தட்டுகளைக் கேட்டு வளர்ந்தவர்தான். பாட்டு நிற்பதும் விழுவதும் பாடியவரின் நன்னடத்தைச் சான்றிதழைப் பொறுத்ததில்லை.

ஒரு புகாரை மட்டும் ஒப்புக்கொள்கிறேன். இன்றைய பதிவுகள் பலவற்றைச் சபை சேர்ந்து பாட முடியாது. சுருதி எட்டாத உயரத்தில் இருக்கிறது. தனிக்குரல் காட்டுகிற வித்தையில் பாட்டு தொலைந்துபோகிறது. ஒரே வரி பத்துத் தடவை வருகிறது. இது கைத்திறனின் குறை. சுருதியை இறக்கினால் பாதி தீரும். இதற்குப் பரிசுத்தத்தை இழுப்பானேன்?

கடைசியாக, கொல்லிமலைக்கென்றே ஒரு வாதம் உண்டு. "மலைப் பிள்ளைகளுக்கு நம்ம பாரம்பரியத்தைக் கற்றுக்கொடுக்கணும், கீபோர்டு அதைக் கெடுக்குது." எந்தப் பாரம்பரியம்? மிஷனரித் தம்பதியான ஜெஸ்ஸி பிராண்டும் எவலின் அம்மாவும் 1913 வாக்கில் வாழவந்தி நாட்டில் குடியேறியபோது, இம்மலைப் பழங்குடிகளான மலையாளி மக்களுக்குத் தஞ்சாவூர் ராகமும் ஜெர்மன் பாமாலையும் ஒரே அளவுக்கு அந்நியம். ஜெஸ்ஸி 1929இல் காய்ச்சலில் இறந்தார். எவலின் அம்மா முதுமையிலும் மலை மலையாக அலைந்து 1974இல், 95ஆம் வயதில் மறைந்தார். இருவரும் இந்த மண்ணிலேயே அடங்கியிருக்கிறார்கள். அவர்களுடைய உழைப்பை மதிக்கிறவன்தான் நானும். ஆனால் அவர்கள் காலத்தில் வந்த பாட்டை மலையின் ஆதிச் சொத்து என்று சொல்லி, நேற்று வந்த கீபோர்டை மட்டும் வந்தேறி என்பது பொருந்தவில்லை. இரண்டுமே கீழேயிருந்து மலையேறி வந்தவைதான். அவற்றுக்கு முன்பே மலையில் இருந்தவை திருவிழா மேளமும் பெண்களின் கும்மியும். அவற்றை "அது சாமி கும்பிடுறவங்களுது" என்று வாசலிலேயே நிறுத்தியவர்கள் இதே பெரியவர்கள்.

பெரக்கரை நாட்டுப் பெரியவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். கீபோர்டை அணைக்கச் சொல்லாதீர்கள், சுருதியைக் குறைக்கச் சொல்லுங்கள். இந்தக் கிறிஸ்துமஸுக்கு ஒரு பாட்டையாவது மலையின் கும்மி மெட்டில் கட்டிப் பாடச் சொல்லுங்கள். சாஸ்திரியார் இருந்திருந்தால் முதலில் கேட்டு வாங்கியிருப்பது அந்த மெட்டைத்தான்.