போகவிடும் அன்பு

பௌதிகவியலில் பட்டம் பெற்ற பிள்ளை, கலாநிதிப் பட்டத்திற்காக வெளிநாடு செல்ல விரும்பும்போது பெற்றோரின் உள்ளம் கலங்குகிறது. நீண்ட போரினால் பிரிவுகளைப் பலமுறை கண்ட மன்னார் மண்ணில் இக்கலக்கம் இயல்பே.

சென்னை மாநிலக் கல்லூரியில் பௌதிகவியல் பயின்ற சுப்பிரமணியன் சந்திரசேகர், 1930இல் புலமைப்பரிசில் பெற்றுக் கேம்பிரிட்ஜ் புறப்பட்டார். அப்போது அவருக்கு வயது 19. தாய் சீதாலட்சுமி கடும் நோயுற்றிருந்தார். ஆயினும், மகன் போகவேண்டும் என்று அவரே வற்புறுத்தினார். கப்பற் பயணத்திலேயே விண்மீன்களின் இறுதிநிலை பற்றிய புகழ்பெற்ற கணிப்பைச் செய்த அம்மகன், 1983இல் நோபல் பரிசு பெற்றார். ஆனால் 1931இல் மறைந்த தாயை அவர் மீண்டும் காணவே இல்லை. அந்தச் சம்மதத்தின் விலை அது.

அன்பான பெற்றோரே, தாலந்தைப் புதைத்த ஊழியன் அச்சத்தையே காரணமாகச் சொன்னான். நம் அச்சம் பிள்ளையின் தாலந்தைப் புதைக்கலாகாது. ஊரார் மெச்சவேண்டும் என்பதற்காக விருப்பமில்லாப் பிள்ளையை அனுப்புவதும் தவறே. பிள்ளைக்கு உண்மையான ஆர்வம் உண்டா என்பதை முதலில் கேளுங்கள். அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பல, பௌதிகவியல் கலாநிதி மாணவருக்குக் கல்விக் கட்டணத்தை விலக்கி, உதவித்தொகையும் வழங்குகின்றன. ஆகவே காணியை ஈடுவைக்குமுன் அவ்வழியை ஆராயுங்கள்.

பின்னர், மருதமடு அன்னையின் சந்நிதியில் பெற்றோரும் பிள்ளையும் ஒன்றாய்ச் செபித்து முடிவெடுங்கள். நாசரேத்து இல்லத்திலிருந்து தம் மகனை இறைபணிக்கு அனுப்பிய தாய் அவர். உங்கள் கண்ணீரை அறிவார்.