சட்டம் இருக்கிறது, எடுத்துச் சொல்ல ஆள் வேண்டும்

நாம் பாடம் கேட்கும் விரிவுரை அரங்கும், ஏறி இறங்கும் எம்ஆர்டி நிலையமும், குடியிருக்கும் அடுக்குமாடியும் யார் கட்டியவை? அந்தக் கைகளில் கணிசமானவை புதுக்கோட்டையிலிருந்தும் சிவகங்கையிலிருந்தும் தஞ்சாவூர்ப் பக்கத்துக் கிராமங்களிலிருந்தும் வந்தவை. அந்தக் கைகளில் ஒன்று இயந்திரத்தில் சிக்கி விரல் போனால் அடுத்து என்ன நடக்கும் என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

நான் சட்டம் படிப்பவன் அல்லன், பொறியியல் மாணவன். சில மாதங்களாக வார இறுதிகளில் லிட்டில் இந்தியா பக்கம், காயமடைந்த ஊழியர்களுக்கு உதவும் தொண்டூழியர்களோடு போய் மொழிபெயர்த்து வருகிறேன். அங்கே கேட்டதையும் படித்ததையும் வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். சிங்கப்பூரில் இதற்கான சட்டம் இருக்கிறது. அது மோசமான சட்டமும் அன்று. 2019ஆம் ஆண்டின் வேலையிடக் காய இழப்பீட்டுச் சட்டம் 2020 செப்டம்பர் முதல் நடப்பில் உள்ளது. விபத்துக்கு யார் காரணம் என்று ஊழியர் நிரூபிக்க வேண்டியதில்லை. வேலையின்போது, வேலையால் காயம்பட்டார் என்பதே போதும். வழக்கறிஞரும் தேவையில்லை. ஒரே ஒரு நாள் மருத்துவ விடுப்பு கொடுத்தாலும், 'லைட் டூட்டி' எழுதிக் கொடுத்தாலும், முதலாளி மனிதவள அமைச்சிடம் தெரிவித்தாக வேண்டும். வெளிநோயாளி விடுப்பில் முதல் 14 நாளுக்கும், மருத்துவமனை விடுப்பில் முதல் 60 நாளுக்கும் முழுச் சம்பளம். அதன்பின் ஓராண்டு வரை மூன்றில் இரண்டு பங்கு. 2025 நவம்பர் முதல் மருத்துவச் செலவுக்கு 53,000 வெள்ளி அல்லது விபத்திலிருந்து ஓராண்டு என்பது வரம்பு. நிரந்தர உடற்குறைக்கான உச்சவரம்பு 346,000 வெள்ளி. உயிரிழந்தால் குடும்பத்துக்கு 269,000 வெள்ளி வரை.

இவ்வளவு இருந்தும் கைக்கு எட்டியது ஏன் வாய்க்கு எட்டாமல் போகிறது?

ஒரு காரணம் பயம். ஏஜெண்டுக்குக் கொடுக்க ஊரில் வட்டிக்கு வாங்கிய கடன் இன்னும் நிற்கிறது. புகார் கொடுத்தால் பெர்மிட் போய்விடும், ஊருக்கு அனுப்பிவிடுவார்கள் என்ற எண்ணம் வலியைவிடப் பெரிதாக இருக்கிறது. பெர்மிட் ரத்தானாலும் இழப்பீடு கேட்கும் உரிமை ரத்தாவதில்லை என்பதும், விபத்து நடந்த ஓராண்டுக்குள் கேட்டுவிட வேண்டும் என்பதும் பலருக்குத் தெரிவதில்லை. கோரிக்கை முடியும்வரை 'ஸ்பெஷல் பாஸில்' இருப்பவர் பொதுவாக வேலை செய்ய முடியாது. அந்தக் காலத்தில் அவருக்குச் சாப்பாடும் தங்குமிடமும் தருவது முதலாளியின் பொறுப்பு. நடைமுறையில் எல்லாருக்கும் அது கிடைப்பதில்லை. அதனால்தான் 'டிடபிள்யூசி2' அமைப்பு 2008 முதல் லிட்டில் இந்தியாவில் இலவச உணவுத் திட்டம் நடத்துகிறது.

இன்னொரு காரணம் கணக்கு. 40 வயதும் அதற்குக் குறைவானவர்களும் நிரந்தரக் குறைபாடு அடைந்தால், சராசரி மாத வருமானத்தை 181ஆல் பெருக்கி, குறைபாட்டின் விழுக்காட்டைப் போடுவார்கள். வருமானம் என்பதில் ஓவர்டைமும் அடங்கும். அடிப்படைச் சம்பளம் 600 வெள்ளி, ஓவர்டைமோடு சேர்த்து 1,000 வெள்ளி வாங்கிய ஒருவருக்கு 10 விழுக்காடு குறைபாடு என்று வைத்துக்கொள்வோம். சரியான கணக்கில் அவருக்கு 18,100 வெள்ளி. அடிப்படைச் சம்பளத்தை மட்டும் காட்டினால், சட்டத்தின் குறைந்தபட்ச அளவுப்படி 11,600 வெள்ளி. இடையிலுள்ள 6,500 வெள்ளி ஊரில் ஒரு கடனை அடைத்துவிடும். அதைக் காப்பாற்றுவது அவர் பத்திரமாக வைத்திருக்கும் சம்பளச் சீட்டு. அதை எடுத்து வையுங்கள் என்று விபத்தன்றே சொல்ல ஓர் ஆள் வேண்டும்.

எல்லாவற்றிலும் பெரிய காரணம் மொழி. மருத்துவர் ஆங்கிலத்தில் கேட்கிறார். படிவம் ஆங்கிலத்தில் இருக்கிறது. காப்புறுதி நிறுவனத்தின் கடிதமும் ஆங்கிலத்தில் வருகிறது. "தம்பி, இதுல என்ன எழுதியிருக்கு?" என்று ஒருவர் என்னிடம் நீட்டிய தாள், அவர் ஏற்கெனவே கையெழுத்துப் போட்டுக் கொடுத்ததன் நகல். எப்படி அடிபட்டது என்பது அதில் அவர் சொன்னபடி இல்லை.

தமிழில்தான் துண்டுப்பிரசுரங்கள் இருக்கின்றனவே என்று சிலர் கேட்கலாம். இருக்கின்றன. ஆனால் 'நிரந்தர உடற்குறை' என்று அச்சிட்டால் போதுமா? அடிபட்டவர் கேட்பது வேறு. "கை பழையபடி வருமா? இப்பவே பணத்த வாங்கிட்டுப் போயிடவா, இல்ல இருக்கவா? வீட்ல சொல்லலாமா?" இவற்றுக்குத் தாள் பதில் சொல்லாது. எதிரே உட்கார்ந்து கேட்கும் மனிதர்தான் சொல்ல முடியும்.

அந்த மனிதர்கள் நாமாக ஏன் இருக்கக்கூடாது? தமிழ் இந்நாட்டின் அதிகாரத்துவ மொழிகளில் ஒன்று. அதை வாழவைக்க ஆண்டுதோறும் நாடகம் போடுகிறோம், பட்டிமன்றம் நடத்துகிறோம். நல்லதுதான், நானும் மேடையேறியிருக்கிறேன். ஆனால் மொழி வாழ்வது அது தேவைப்படும் இடத்தில். நமக்குத் தமிழும் ஆங்கிலமும் தெரியும். அந்த இரண்டுக்கும் நடுவில்தான் ஒருவருடைய இழப்பீடு தொலைந்துபோகிறது.

நாம் சட்ட ஆலோசனை கூறக்கூடாது. அதற்குத் தகுதியானவர்கள் இருக்கிறார்கள். இழப்பீட்டுச் சட்டத்தின் வழியா, முதலாளியின் கவனக்குறைவை நிரூபிக்க வேண்டிய உரிமையியல் வழக்கா என்ற முடிவில் நாம் மூக்கை நுழைக்கக்கூடாது. இரண்டில் ஒன்றைத்தான் ஒருவர் தொடர முடியும் என்பதால் தவறான யோசனை பெரிய நட்டத்தில் முடியும். ஆனால் மருத்துவரிடம் துணைக்குப் போகலாம். கடிதத்தைப் படித்துக் காட்டலாம். புரியாத தாளில் கையெழுத்திட வேண்டாம் என்று சொல்லலாம். மருத்துவச் சான்றிதழ், சம்பளச் சீட்டு, விபத்து நடந்த இடத்தின் படம், உடன் இருந்தவர் பெயர் இவற்றைச் சேர்த்து வைக்கச் சொல்லலாம்.

அடுத்த செயற்குழுவுக்கு என் வேண்டுகோள் இதுதான்: மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பத்து உறுப்பினர்களை, உதவி அமைப்பு ஒன்றின் பயிற்சியோடு, மொழிபெயர்ப்புக்கு அனுப்புங்கள். வேலை பார்க்கும் முன்னாள் மாணவர்களே, உங்களில் வழக்கறிஞர்களும் மருத்துவர்களும் கட்டுமானத் துறைப் பொறியாளர்களும் இருக்கிறீர்கள். முதல் பயிற்சியை நடத்தித் தர உங்களில் இருவர் முன்வந்தாலே போதும். பத்துப் பேரைத் திரட்டும் பொறுப்பை நான் ஏற்றுக்கொள்கிறேன்.