கேப்பைக் கூழும் ராத்திரி உறக்கமும்

பிறந்த குழந்தை ஒரு நாளில் 14 முதல் 17 மணி நேரம் உறங்கும். மூன்று மாதம் வரையிலான குழந்தைக்கு உலகச் சுகாதார நிறுவனம் 2019-இல் சொன்ன அளவு இது. மொத்தத்தில் உறக்கத்துக்குக் குறைவில்லை. அது துண்டு துண்டாக வருகிறது, அதிலும் பாதி பகலில் வந்து தொலைக்கிறது என்பதே வீட்டாரின் வருத்தம். இதற்குத் திருநெல்வேலிச் சீமையில் ஒரு விளக்கம் எப்போதும் தயார்: தாய்ப்பால் பத்தவில்லை, பிள்ளைக்கு வயிறு நிறையவில்லை, அதனால்தான் விழிக்கிறது. அம்பாசமுத்திரத்தில் சொல்வார்கள், மேலப்பாளையத்தில் சொல்வார்கள், ஸ்ரீவைகுண்டத்திலும் சொல்வார்கள். தாமிரபரணியின் இரு கரையும் சண்டையில்லாமல் ஒத்துப்போகிற விஷயங்களில் இதுவும் ஒன்று.

கடந்த கத்திரி வெயிலில் பாளையங்கோட்டை வீடொன்றில் பத்து வாரப் பிள்ளைக்குப் பாலாடையில் கேப்பைக் கூழ் புகட்டப்பட்டது. "ஏட்டி, பசியில கெடந்தா பிள்ளை எப்படி உறங்கும்? ரெண்டு பாலாடை உள்ள போச்சுன்னா விடியிற வரைக்கும் உறங்கிரும்லா" என்பது பேத்திக்கு ஆச்சி இட்ட உத்தரவு. பேத்தி முதுகலை படித்தவர். ஆறு மாதம் வரை தாய்ப்பாலைத் தவிர வேறெதுவும், தண்ணீர்கூட, வேண்டாம் என்று மருத்துவமனைச் சுவரில் எழுதியிருந்ததை வாசித்தவர். ஆனாலும் கூழ்தான் ஜெயித்தது. அன்று ராத்திரி பிள்ளை மூன்று தடவை விழித்தது. அதற்கும் விளக்கம் வந்தது: கூழ் தண்ணியாகிவிட்டதாம்.

குழந்தை விழிப்பதில் வயிற்றுக்குப் பங்கு உண்டு. பெரும்பங்கு மூளைக்கு. கருப்பையில் இருந்தவரை இரவு வந்ததை அறிவிக்கும் மெலடோனின் தாயின் ரத்தத்திலிருந்து நஞ்சுக்கொடி வழியே கிடைத்துக்கொண்டிருந்தது. பிறந்ததும் அந்த வரத்து நின்றுவிடுகிறது. குழந்தையின் உடல் அதை இரவில் மட்டும் கூடுதலாகச் சுரக்கப் பழகுவது ஏறக்குறைய மூன்றாம் மாதத்தில்தான். அதுவரை பாளையங்கோட்டை உச்சி வெயிலும் நடுச்சாமமும் அதற்கு ஒன்றே. மேலும், பெரியவர்களின் உறக்கச் சுற்று 90 நிமிடம் என்றால் பச்சைக் குழந்தையுடையது ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். அந்தச் சுற்றிலும் பாதி, கண் உருண்டு, கை வெட்டி, முனகிக்கொண்டே போகும் உறக்கம். முனகல் கேட்டதும் தொட்டிலைச் சுற்றி நால்வர் கூடி விளக்கைப் போட்டுத் தூக்கிவிடுவார்கள். உறங்கிக்கொண்டிருந்த பிள்ளை அப்போதுதான் உண்மையிலேயே விழிக்கும். பழி தாயின் மார்புக்குப் போகும்.

நீண்ட உறக்கம் எப்போது வரும் என்பதற்குப் பழைய கணக்கு ஒன்று உண்டு. லண்டனில் 160 குழந்தைகளைக் கவனித்து மூர், உக்கோ என்ற இருவர் 1957-இல் வெளியிட்டது. நள்ளிரவு முதல் காலை ஐந்து மணி வரை தொந்தரவில்லாமல் கிடந்தாலே போதும் என்று அளவுகோலைத் தாழ்த்தி வைத்தார்கள். அப்படியும் மூன்று மாதத்தில் 70 சதவீதம், ஆறு மாதத்தில் 83 சதவீதம் குழந்தைகளே தேறின. பத்தில் ஒன்று முதல் வயது முழுக்கத் தேறவேயில்லை. "எம்பிள்ளை நாப்பதாம் நாள்லயே விடிய விடிய உறங்குச்சு" என்று சொல்லும் சித்திகள் அந்த நாப்பது நாளும் யார் எழுந்து பார்த்தார்கள் என்று சொல்வதில்லை.

இனி கூழுக்கு வரலாம். அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் 106 குழந்தைகளை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்கு ஐந்தாம் வாரத்திலிருந்தே படுக்கும் முன் அரிசிக் கூழ். மறு பாதிக்கு நான்காம் மாதத்திலிருந்து. தாய்மார் வாரம் ஒரு நாள் உறக்கத்தைக் குறித்து வந்தார்கள். 1989-இல் முடிவு வெளியானது: முதலில் கூழ் குடித்த பிள்ளையும் குடிக்காத பிள்ளையும் நீண்ட உறக்கத்துக்கு வந்தது ஒரே கணக்கில்தான். வேறெதுவும் அல்ல, அரிசி. நெல் விளையும் இந்த ஆற்றங்கரைக்கு இதைவிடப் பொருத்தமான சோதனையை எவரும் செய்திருக்க முடியாது. ஆனால் கிளீவ்லாந்து அரிசி வேறு, நம்மூர்க் கேப்பை வேறு என்பார்கள். ஏத்தங்காய்ப் பொடி அதைவிட உசத்தி என்பார்கள். 2018-இல் இங்கிலாந்திலிருந்து எதிர்ச்சாட்சி ஒன்றும் வந்திருக்கிறது: மூன்று மாதத்திலேயே உணவு தொடங்கிய குழந்தைகள் ஆறாம் மாதத்தில் இரவில் கூடுதலாக உறங்கின. எவ்வளவு? ஏறக்குறைய 17 நிமிடம். கேப்பையை ஊறவைத்து, அரைத்து, துணியில் பால் பிழிந்து, கட்டி தட்டாமல் கிண்டி முடிக்க அதைவிட அதிக நேரம் ஆகும்.

பால் பத்துகிறதா என்பதை உறக்கத்தை வைத்து அளக்க முடியாது. அளக்கத் தராசு இருக்கிறது. பிறந்தபின் குறைந்த எடை இரண்டு வாரத்துக்குள் திரும்ப வேண்டும்; ஐந்தாம் மாத வாக்கில் பிறந்த எடை இரட்டிக்கும். நாளொன்றுக்கு ஆறு முறையாவது மூத்திரம் போக வேண்டும். இதெல்லாம் ஒழுங்காக இருக்கிற பிள்ளைக்குத்தான் பெரும்பாலும் கூழ் கிண்டப்படுகிறது. பால் சுரக்கவைக்கும் புரோலாக்டின் இரவில்தான் அதிகம். ராத்திரிப் பாலை நிறுத்தக் கூழ் கொடுத்தால் பிள்ளை உறிஞ்சுவது குறையும், சுரப்பும் குறையும். பத்து நாளில் "அன்னைக்கே சொன்னேம்லா, பால் பத்தலன்னு" என்ற தீர்ப்பு கிடைக்கும். 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகளில் தாய்ப்பால் மட்டுமே குடிப்பவை பாதிக்குச் சற்று மேல். ஆஸ்பத்திரியில் பிறக்காத குழந்தையே இல்லை என்று ஆகிவிட்ட மாநிலம் இது. பால் பவுடர் விளம்பரத்தை 1992-இலேயே சட்டம் போட்டுத் தடுத்தார்கள்; 2003 திருத்தத்தில் இரண்டு வயது வரைக்கும் நீட்டினார்கள். டப்பாவைச் சட்டம் கட்டிவிட்டது, திண்ணையைக் கட்ட எந்தப் பிரிவும் இல்லை.

கூழோடு நின்றாலும் பரவாயில்லை. அடுத்து உரமருந்து வரும்: ஜாதிக்காய், மாசிக்காய், கடுக்காய், சுக்கு, வசம்பு எல்லாம் கல்லில் உரசி, தாய்ப்பாலில் குழைத்து நாக்கில். எத்தனை உரசல் என்பது உரசுகிறவர் கைப்பக்குவம், அளவு கிடையாது. ஜாதிக்காய் மிகுந்தால் நஞ்சு. வசம்பை உணவில் சேர்ப்பதை அமெரிக்கா 1968-இல் தடை செய்தது. அதன் எண்ணெயிலுள்ள பீட்டா-அசரோன் எலிகளுக்குப் புற்றுநோய் தந்ததுதான் காரணம். இங்கே அதை வளையலாகக் கோத்துப் பிள்ளையின் கையில் மாட்டுகிறோம், பிள்ளை வாயில் வைக்கிறது. சீமை மருந்தும் யோக்கியமில்லை. 1851-இல் உட்வர்டு என்பவர் நாட்டிங்ஹாமில் உண்டாக்கிய கிரைப் வாட்டரில் சாராயம் இருந்தது, பிற்காலத்தில்தான் எடுத்தார்கள். அமெரிக்காவில் விற்ற வின்ஸ்லோ சிரப்பில் மார்பினே இருந்தது. அந்தப் பிள்ளைகள் நன்றாகத்தான் உறங்கின. சில எழுந்திருக்கவே இல்லை.

பிள்ளை உறங்க வேண்டும் என்ற அவசரம் யாருடையது என்பதையும் பார்க்க வேண்டும். முக்கூடலிலும் மேலப்பாளையத்திலும் பீடி சுற்றும் பெண்ணுக்கு ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்றுதான் கூலி. பிள்ளை மடியில் இருந்தால் சுளகு தரையில், கணக்கு முடியாது. அரசு ஊழியப் பெண்ணுக்கு 2021 ஜூலை முதல் பன்னிரண்டு மாத விடுப்பு. கம்பெனி வேலைக்காரிக்கு 2017 முதல் 26 வாரம். சுளகுக்காரிக்கு நடைமுறையில் கிடைப்பது உரைகல்தான். அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. வீட்டில் இன்னொருவர் இருக்கிறாரே, "காலையில வேலைக்குப் போணும்" என்று மொட்டை மாடிக்குப் பாயைத் தூக்கிக்கொண்டு போனவர், அவரைப் பற்றி எந்த ஆச்சியும் வாய் திறப்பதில்லை. ராத்திரி ஒரு துணி மாற்றித் தோளில் போட அவருக்கு மார்பில் பால் சுரக்க வேண்டியதில்லை.

ஆறு மாதம் முடிந்ததும் கேப்பைக் கூழ் தாராளமாகக் கொடுக்கலாம். சுண்ணாம்புச் சத்துள்ள நல்ல உணவு, வளர்ச்சிக்கு வேண்டும். கொடுத்த பிறகும் பிள்ளை விழிக்கும். கனடாவில் 388 குழந்தைகளைக் கவனித்து 2018-இல் சொன்ன கணக்கில், ஆறு மாதத்தில் 38 சதவீதம் குழந்தைகள் தொடர்ந்து ஆறு மணி நேரம் உறங்கவில்லை. ஒரு வயதிலும் 28 சதவீதம் உறங்கவில்லை. அவற்றின் வளர்ச்சியில் குறையேதும் காணப்படவில்லை. ஒரு வயதுப் பிள்ளை சோறும் பருப்பும் தின்றுவிட்டுத்தான் விழிக்கிறது. கிளீவ்லாந்துப் பிள்ளைகள் அரிசிக் கூழ் குடித்துவிட்டு விழித்த மாதிரியே. எடை ஏறாமல் இருந்தால், காய்ச்சல் இருந்தால், பால் குடிக்க மறுத்தால், உறக்கத்தில் மூச்சு விட்டு விட்டு வந்தால் பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். அங்கேயும் முதலில் தராசில்தான் போடுவார்கள்.