ஃபில் நீல்: ஸ்கோர்போர்டில் வராத பெயர்

கிரிக்கெட்டைக் கரைத்துக் குடித்த நண்பர்களிடம் கூட ஃபில் நீல் என்று சொல்லிப் பாருங்கள். "யாருப்பா அது?" என்றுதான் கேட்பார்கள். இங்கிலாந்துக்காக ஒரு டெஸ்ட் கூட ஆடாதவர். ஆனால் அந்த அணியோடு இருபது வருடம் ஊர் ஊராகப் போனவர்.

1954-ல் ஸ்கன்தார்ப்பில் பிறந்தவர். லீட்ஸ் பல்கலைக்கழகத்தில் படித்தது ரஷ்ய மொழி! கோடையில் வொர்ஸ்டர்ஷயருக்குக் கிரிக்கெட், குளிர்காலத்தில் லிங்கன் சிட்டிக்குக் கால்பந்து. இரண்டுமே சம்பளத்துக்கு ஆடும் தொழில்முறை ஆட்டம். அப்படி இரட்டை ஆட்டம் ஆடிய கடைசித் தலைமுறையில் ஒருவர். முதல் தர கிரிக்கெட்டில் 17,000 ரன்களுக்கு மேல். இருந்தும் இங்கிலாந்து தேர்வாளர்கள் கூப்பிடவே இல்லை.

1982-ல் வொர்ஸ்டர்ஷயர் கேப்டன் ஆனார். 1987-ல் போத்தமும் டில்லியும் வந்து சேர்ந்தார்கள். இளம் கிரேம் ஹிக் ஏற்கெனவே அங்கே ரன் குவித்துக்கொண்டிருந்தார். இத்தனை நட்சத்திரங்களை, டெஸ்ட் ஆடாத ஒருவர் கட்டி மேய்க்க வேண்டும். மேய்த்தார். 1988, 1989 இரண்டு வருடமும் கவுண்ட்டி சாம்பியன்ஷிப் அவர்களுக்குத்தான். 1988-ல் கென்ட்டை முந்தியது ஒரே ஒரு புள்ளியில்!

அந்த 1988 மே மாதம் டான்ட்டனில் நடந்ததுதான் எனக்குப் பிடித்த கதை. சோமர்செட்டுக்கு எதிராக ஹிக் 405 நாட் அவுட். அதே மைதானத்தில் 1895-ல் மெக்லாரன் அடித்த 424-ஐத் தாண்ட இன்னும் 20 ரன்தான் வேண்டும். கேப்டன் நீல் டிக்ளேர் செய்துவிட்டார். முல்தானில் 2004-ல் சச்சின் 194-ல் நின்றபோது டிராவிட் டிக்ளேர் செய்ததற்கே நம் ஊரில் என்ன சண்டை! இங்கேயும் டிராவிட்டைத் திட்டியவர்கள் நீலையும் திட்டலாம். ஆனால் வொர்ஸ்டர்ஷயர் அந்த ஆட்டத்தை இன்னிங்ஸ் வித்தியாசத்தில் ஜெயித்தது. ஒரு புள்ளியில் கிடைத்த கோப்பை என்பதையும் சேர்த்து யோசியுங்கள்.

ஓய்வுக்குப் பிறகு கவுண்ட்டிகளில் பயிற்சியாளர். 1999-ல் இங்கிலாந்து அணியின் ஆபரேஷன்ஸ் மேனேஜர். விமானம், ஹோட்டல், பயிற்சி மைதானம், பெட்டி படுக்கை, நேர அட்டவணை எல்லாம் அவர் தலையில். நாசர் ஹுசைன் முதல் ஜோ ரூட் வரை கேப்டன்கள் மாறினார்கள், கோச்களும் மாறினார்கள். 2020 வரை இவர் மாறவில்லை.

இது என்ன பெரிய வேலை என்று கேட்பவர்கள் 2008-ஐ நினைத்துப் பாருங்கள். நவம்பர் 26 மும்பைத் தாக்குதல். இங்கிலாந்து அணி அப்போது ஒரிசாவில். டெஸ்டுக்கான வெள்ளை உடைகள் இருந்ததோ மும்பை தாஜ் ஹோட்டலில். தொடர் பாதியில் நின்று அணி ஊருக்குப் போனது. பிறகு அபுதாபி வழியாகத் திரும்பி வந்து, டிசம்பர் 11-ல் நம் சேப்பாக்கத்தில் டெஸ்ட் ஆடியது. அகமதாபாத்தில் நடக்க வேண்டிய டெஸ்ட், சில நாட்களில் சென்னைக்கு மாறியது. பாதுகாப்பு அதிகாரிகள், இரண்டு போர்டுகள் என்று பலர் உழைத்த விஷயம்தான். ஆனாலும் இப்படி இடம் மாறும்போது டிக்கெட்டும் ரூமும் சாமான்களும் யாரோ ஒருவர் மேஜைக்குத்தானே வரும்? நமக்கு ஞாபகம் இருப்பது 387-ஐத் துரத்தி சச்சின் அடித்த சதம். அந்த ஆட்டம் நடந்ததே ஒரு நிர்வாக சாதனை என்பது என் கருத்து.

பி.காம் வகுப்பில் பிளானிங், ஆர்கனைசிங், ஸ்டாஃபிங், டைரக்டிங், கன்ட்ரோலிங் என்று ஒப்பிக்கிறோம். எல்லோருக்கும் மேனேஜர் ஆக ஆசை. ஆனால் நாம் நினைக்கும் மேனேஜருக்கு ஏசி ரூமும் சுழல் நாற்காலியும் இருக்கும். ஒழுங்காக நடந்தால் யாரும் கவனிக்காத, தவறினால் மட்டும் எல்லோரும் திரும்பிப் பார்க்கிற வேலை அது என்று பாடப்புத்தகம் சொல்வதில்லை.

ஆட முடியாதவர்களுக்குக் கிடைக்கும் ஆறுதல் பரிசு மேனேஜர் பதவி என்று ஒரு பேச்சு உண்டு. நீல் விஷயத்தில் அது பொருந்தாது. டான்ட்டனில் டிக்ளேர் செய்த அதே ஆள்தான் பெட்டிகளையும் எண்ணினார். தனி ஆள் கணக்கை விட அணியின் கணக்கு பெரிது என்று நினைப்பவருக்கு இரண்டும் ஒரே வேலைதான்.

நீங்கள் என்ன சொல்கிறீர்கள்? ஹிக்கை இன்னும் 20 ரன் அடிக்க விட்டிருக்கலாமா?